வாசகர் கேள்விகள்: டிவி க்விஸ் போட்டியாளர்கள்

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ‘ஜெப்பர்டி’ என்ற க்விஸ் நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்திருக்கிறான். வீட்டில் டிவி பார்க்கும்போது பாதிக்கு மேல் சரியாகச் சொல்கிறான். அது போதுமா?
– வாசகி, கும்பகோணம்

போதாதம்மா. மேடையில் நிற்கும் மூவருக்குமே பெரும்பாலான விடைகள் தெரிந்திருக்கும். யார் விரல் முந்துகிறது என்பதில்தான் ஆட்டம். தொகுப்பாளர் கேள்வியை வாசித்து முடித்த பிறகே பஸ்ஸருக்கு, அதாவது பதில் சொல்ல அழுத்தும் பட்டனுக்கு, உயிர் வரும். பலகையின் ஓரத்தில் விளக்கு எரியும். அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்தினால் கால் விநாடிக்குப் பஸ்ஸர் செத்துவிடும். பக்கத்து ஆளுக்கு அந்தக் கால் விநாடி தாராளம். விளக்குக்காகக் காத்திருந்தாலும் சிக்கல்தான்: கண் பார்த்து விரல் அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகிவிடும். அதனால் பலர் தொகுப்பாளரின் கடைசி அசையைக் காதில் பிடித்து அழுத்துகிறார்கள், பிறகும் நிறுத்தாமல் படபடவென்று தட்டுகிறார்கள்.

பழக ஒரு பட்டன் பேனா போதும். சோபாவில் சாய்ந்துகொண்டு வேண்டாம், நின்றபடி, கட்டைவிரலால். விடையை ‘காந்தி யார்?’ என்பதுபோலக் கேள்வி வடிவில் சொல்வது இங்கே விதி. அதையும் இப்போதே வாயில் ஏற்றிக்கொள்ளட்டும். முதல் சுற்றில் மறந்தால் நினைவூட்டுவார்கள். இரண்டாம் சுற்றில் தவறு என்றே கணக்கு.

அடுத்தது கடைசிக் கேள்விக்கான பந்தயத் தொகை. அதுவரை சேர்த்ததில் ஒரு தொகையைக் கட்ட வேண்டும்; விடை சரியென்றால் அது கூடும், தவறென்றால் கழியும். நன்றாக ஆடியவர்களும் இங்கே கணக்குத் தப்பித் தோற்கிறார்கள். முதலிடத்தில் 14,000, இரண்டாமிடத்தில் 9,000 என்று வையுங்கள். இரண்டாமவர் முழுவதையும் கட்டி வென்றால் 18,000. ஆகவே முதலாமவர் கட்ட வேண்டியது 4,001. அவர் தவறினால் 9,999-க்கு இறங்குவார். இரண்டாமவர் 1,000 கட்டிச் சரியாகச் சொல்லியிருந்தாலே 10,000-உடன் முந்திவிடுவார். இந்தக் கழித்தலைப் படபடப்பில் போட வேண்டும் என்பதால், பத்து இருபது பழைய ஆட்டங்களை எடுத்துக் காகிதத்தில் போட்டுப் பழகுவது நல்லது.

மாற்றுத்துணியும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஐந்து ஆட்டங்கள் பதிவாகும். ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்துக்குள் உடை மாற்றியாக வேண்டும், டிவியில் அது மறுநாள் அல்லவா!

ஒருவரே பல நிகழ்ச்சிகளில் மாறி மாறிக் கலந்துகொள்ள முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

முடியும். பிரிட்டனில் அப்படியே வாழ்பவர்கள் உண்டு. அயர்லாந்துக்காரர் பாட் கிப்சன் 2004-ல் ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’, 2005-ல் ‘மாஸ்டர்மைண்ட்’, 2006-ல் பி.பி.சி. வானொலியின் ‘பிரெய்ன் ஆஃப் பிரிட்டன்’ என வரிசையாக வென்றார். பிறகு ‘எக்ஹெட்ஸ்’ என்ற டிவி க்விஸ் நிகழ்ச்சியின் குழுவில் நிரந்தர ஆட்டக்காரர் ஆனார். ஆனால் இதுவரை எந்தெந்த நிகழ்ச்சியில், எப்போது கலந்துகொண்டீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்பது வழக்கம். மறைக்காதீர்கள், பொய் என்று தெரிந்தால் பரிசே போகலாம். ‘ஜெப்பர்டி’யில் இன்னும் கறார்: தோற்றவர், நிகழ்ச்சியே சிறப்புத் தொடருக்கு அழைத்தாலொழியத் திரும்ப வர இயலாது. முன்பு தொடர்ந்து ஜெயிப்பவரையும் ஐந்து ஆட்டங்களோடு அனுப்பிவிடுவார்கள். 2003-ல் அந்த வரம்பை எடுத்ததால்தான் அடுத்த ஆண்டே கென் ஜென்னிங்ஸ் 74 ஆட்டங்கள் தொடர்ந்து வெல்ல முடிந்தது.

நம் ஊர் நிகழ்ச்சியில் 10 லட்சம் ஜெயித்தால் கையில் எவ்வளவு வரும்?
– வாசகர், ஓசூர்

6,88,000 ரூபாய். 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், சேர்த்து 31.2. இந்தப் பணத்துக்கு அடிப்படை வரிவிலக்கு வரம்பு கிடையாது. வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவருக்கும் இதே விகிதம்தான். பயணச் செலவு, புத்தகம், பயிற்சிக் கட்டணம் எதையும் கழிக்க முடியாது. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் உண்டு. கார் பரிசென்றால், சாவி கைக்கு வரும் முன்பே அதன் மதிப்புக்கு வரி கட்டப்பட்டிருக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும்போது மாதச் சம்பளக்காரர்கள் வழக்கம்போல ஐ.டி.ஆர்-1 என்ற வருமான வரிப் படிவத்தைப் போட்டுவிடுகிறார்கள். பரிசுப் பணம் வந்த ஆண்டில் ஐ.டி.ஆர்-2 தான் செல்லும். தொழில் வருமானமும் இருந்தால் ஐ.டி.ஆர்-3.