வாசகர் கேள்விகள்: உசுயி கணவாயைக் காத்த எஞ்சின்

கேள்வி: எங்கள் ஊருக்கு வரும் மலை ரயில் பல்சக்கரத்தின் பிடியில்தான் ஏறுகிறது. ஜப்பானில் இதே போன்ற பல்தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சாதாரணத் தண்டவாளத்தில் மலையேற இஎஃப்63 என்ற மின்சார எஞ்சினை ஓட்டினார்கள் என்று படித்தேன். சக்கரம் வழுக்காதா?
(வாசகர், குன்னூர்)

பதில்: உங்கள் ஊர்ப் பாதையும் அந்த ஜப்பானியப் பாதையும் ஒருவகையில் உறவுதான். குன்மா மாநிலத்தின் யோகோகவாவையும் நகானோ மாநிலத்தின் கருயிசாவாவையும் உசுயி கணவாய் வழியாக 1893-இல் இணைத்தபோது, நீலகிரியில் இன்றும் இருக்கும் ஆப்ட் முறைப் பல்தண்டவாளத்தையே அங்கும் பதித்தார்கள். தூரம் 11.2 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 550 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மிகச் செங்குத்தான பகுதிகளில் 15 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். வரிசையாக வரும் சுரங்கங்களில் நீராவி எஞ்சினின் புகை ஊழியர்களை மூச்சுத் திணறவைத்ததால், 1912-லேயே அங்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனாலும் பல்லைப் பற்றி ஊர்ந்து ஏற நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஆனது. நாட்டின் முக்கியப் பாதை ஒன்றுக்கு அது தாங்க முடியாத தடை. ஆகவே 1963-இல் புதுப்பாதை அமைத்துப் பல்தண்டவாளத்தைக் கைவிட்டார்கள். அதற்கென்றே பிறந்ததுதான் இஎஃப்63. பெயரில் 'இ' மின்சாரத்தைக் குறிக்கும். ஆங்கில எழுத்துகளில் ஆறாவதான 'எஃப்', மோட்டார் சுழற்றும் ஆறு அச்சுகளைக் குறிக்கும்.

இனி வழுக்கல் பற்றி. ஏற்றத்தில் ஒரு சுமையைத் தள்ளும் எஞ்சினின் எடை பின்பக்கமாக, அதாவது இறக்கத்தின் பக்கமாகச் சாயும். மேல்பக்கச் சக்கரங்கள் இலேசாகிப் பிடி விட்டுச் சுழலத் தொடங்கும். இதை முன்கூட்டியே கணக்கிட்ட வடிவமைப்பாளர்கள், 108 டன் எடையை ஆறு அச்சுகளுக்கும் சமமாகப் பங்கிடாமல், கருயிசாவா பக்கத்து அச்சுகளுக்குத் தலா 19 டன், நடுவில் 18 டன், யோகோகவா பக்கத்துக்கு 17 டன் என்று வைத்தார்கள். சமதரையில் ஏறுமாறாக நிற்கும் அந்த எஞ்சின், மலையில் ஏறியதும் சமனாகிவிடும். இந்த எஞ்சினைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்: வாழப்போகும் மலையின் சாய்வு அதன் எடையிலேயே எழுதப்பட்டிருந்தது.

கேள்வி: அந்த எஞ்சின்களை எப்போதும் ரயிலின் யோகோகவா பக்கத்திலேயே மாட்டினார்களாமே, ஏன்?
(வாசகர், மதுரை)

பதில்: யோகோகவா கீழே இருக்கும் ஊர் என்பதே காரணம். ஏறும்போது எஞ்சின்கள் பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று ரயிலின் முழுப் பாரத்தையும் தாங்கும். நடுவழியில் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டு ஓட வழியில்லை. அதுவும் ஓர் எஞ்சின் அல்ல, இரண்டு எஞ்சின்கள் ஜோடியாகவே வேலை செய்தன.

இறங்குவதுதான் கடினமான வேலை என்பதை நேரமே சொல்லிவிடும்: புதுப்பாதையில் ஏற சுமார் 17 நிமிடங்கள், இறங்க சுமார் 24 நிமிடங்கள். இறக்கத்தில் மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி வேகத்தைப் பிடித்துவைக்கும். பிறக்கும் மின்சாரம் எஞ்சினுக்குள்ளேயே வெப்பமாகி வெளியேறும். நின்ற ரயில் நகர்ந்துவிடாதிருக்கத் தண்டவாளத்தைக் காந்தமாகக் கவ்விக்கொள்ளும் பிரேக் தனியாக உண்டு. மோட்டாரும் பிரேக்கும் இல்லாத ஒரு சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருண்டு வேகத்தை மட்டும் அளக்கும். மற்றச் சக்கரங்கள் வழுக்கினாலும் அது பொய் சொல்லாது. இத்தனை இருந்தும், 1975 அக்டோபர் 28 அன்று பெட்டிகள் இல்லாமல் இறங்கிய நான்கு எஞ்சின்கள் கட்டுக்கு மீறிய வேகத்தில் தடம்புரண்டு விழுந்தன. இஎஃப்63 வகையில் இரண்டு அன்று அழிந்தன. அவற்றுக்கு ஈடாக மறு ஆண்டு இரண்டு கட்டப்பட, இந்த வகையில் மொத்தம் 25 எஞ்சின்கள் ஆயின.

தனி எஞ்சின் இல்லாமல் தம் மோட்டார்களாலேயே ஓடும் மின்சார ரயில் தொடர்களை முதலில் 8 பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தொடரின் மோட்டார்களையும் இஎஃப்63-இன் ஓட்டுநரே சேர்த்து இயக்கும் முறை 1968-இல் வந்தபின் 12 பெட்டிகள் ஏறின. வெவ்வேறு வகைப் பெட்டிகளோடு இணைய வேண்டியிருந்ததால், கருயிசாவா பக்கத்து முகத்தில் இரண்டு வகை இணைப்புகளும் கேபிள்களும் நெருக்கமாக மாட்டப்பட்டிருக்கும்.

எஞ்சின் மாட்டும் அந்தச் சில நிமிடங்கள் யோகோகவா நடைமேடைக்குத் தனி உயிரைத் தந்தன. பயணிகள் இறங்கி ஓடி, சிறு மண்சட்டியில் சூடாக விற்ற காமாமேஷி சோற்றை வாங்குவார்கள். கோழி, காடை முட்டை, செஸ்நட் எல்லாம் சோற்றின் மேல் இருக்கும். 1958 முதல் விற்கப்படும் உணவு அது. ரயில் புறப்படும்போது விற்பனையாளர்கள் வரிசையாக நின்று தலைவணங்கி வழியனுப்புவார்கள்.

கேள்வி: இப்போது அந்த எஞ்சின்கள் எங்கே?
(வாசகர், சேலம்)

பதில்: நகானோவுக்கான ஷின்கான்சென் அதிவேக ரயில் 1997 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது, மறு ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்ஸ் நகானோவில். அதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 30 அன்று, கணவாய்ப் பாதை மூடப்பட்டது. வேறு பாதையில் தேவைப்படாத எஞ்சின் என்பதால் இஎஃப்63-இன் பணியும் அத்துடன் முடிந்தது. யோகோகவாவில் எஞ்சின் பணிமனை இருந்த இடத்தில் 1999-இல் ரயில் பண்பாட்டுப் பூங்கா திறக்கப்பட்டது. சில இஎஃப்63 எஞ்சின்களை அங்கே ஓடும் நிலையிலேயே பராமரிக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் தேறிய பொதுமக்கள் கட்டணம் செலுத்தி, பழைய பாதையின் ஒரு துண்டில் அவற்றைத் தாமே ஓட்டிப்பார்க்கலாம்.