கறுப்பைக் கடைசியில் எடுங்கள்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய ஓவியர் அலெக்சாந்தர் யாகோவ்லெவ் ஆப்பிரிக்கப் பயணத்தில் வரைந்த முகங்களைப் பார்த்ததிலிருந்து நானும் அந்த மாதிரி வரைந்து பழகுகிறேன். இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். கரியில் வரைந்தால் முகம் ஒரே கறுப்பாகத் தட்டையாகிவிடுகிறது. கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் வரைந்தும் பார்த்தேன், சரிவரவில்லை. ஆப்பிரிக்கக் கறுப்புக்கு எந்தக் கம்பெனி கரி நல்லது? காலனிய காலத்துப் பயணம் ஒன்றின் படங்களைப் பார்த்து வரைவது சரிதானா என்ற உறுத்தலும் இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

சில நாட்களாக யாகோவ்லெவின் அந்த முகங்கள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உறுத்தல் நியாயமானது. 1924 அக்டோபரில் அல்ஜீரியாவின் கொலோம் பெஷாரிலிருந்து புறப்பட்டு 1925 ஜூனில் மடகாஸ்கர் போய்ச் சேர்ந்த அந்தப் பயணம், பிரெஞ்சு கார் கம்பெனியான சித்ரோயன் தன் சங்கிலிப்பட்டை வண்டிகளுக்குச் செய்துகொண்ட விளம்பரமும்தான். அதைத் தெரிந்துகொண்டே வரையுங்கள். கரி எந்தக் கம்பெனியானாலும் போதும்.

‘ஆப்பிரிக்கக் கறுப்பு’ என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அப்படி ஒரு நிறமே கிடையாது. சஹாரா, நைஜர், சாட், காங்கோ என்று போன வழியெல்லாம் வெவ்வேறு இனத்தவரை எதிரே உட்காரவைத்து வரைந்தவர் யாகோவ்லெவ். நீங்களோ எல்லோருக்கும் ஒரே குச்சியைத் தேடுகிறீர்கள். அவர் கை அதிகம் போனது சாங்குவினுக்கு, அதாவது இரும்பு ஆக்சைடு கலந்த செங்காவிக் குச்சிக்கு. ஏன் என்று யோசித்தீர்களா?

தோலில் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. வெளுத்த தோலானாலும் கருத்த தோலானாலும் இந்தப் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான். மீதி ஒளி உள்ளே போய்ச் சிதறி வெளியே வரும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதிகம் இருந்தால் அதில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வெளுத்த முகத்தில் மினுமினுப்பு சுற்றியுள்ள வெளிச்சத்தோடு கலந்து கரைந்துபோகிறது. கருத்த முகத்தில் அது தனித்துத் தெரிகிறது. நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, கீழுதடு, மோவாய் எல்லாவற்றின் வடிவத்தையும் அந்த மினுமினுப்புதான் சொல்கிறது. வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பவர் என்றால் மேல்நோக்கிய இடங்களில் வானத்தின் குளிர்ந்த சாயல் இருக்கும். செம்மண் தரையின் வெளிச்சம் தாடைக்கு அடியில் சிவப்பாக ஏறும். நீங்கள் முதல் கோட்டிலேயே கரியை அப்பி இத்தனையையும் புதைத்துவிட்டீர்கள்.

தாள் மணல் நிறத்திலோ வெளிர் பழுப்பிலோ இருக்கட்டும், கனம் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) போதும். ஒரு பக்கம் தேன்கூடு போல் சொரசொரப்பாக இருந்தால் மறுபக்கத்தில் வரையுங்கள். இல்லாவிட்டால் கன்னமெல்லாம் வலைபோட்டதுபோல் ஆகும். அடிக்கோட்டுக்குப் பென்சில் வேண்டாம். கிராஃபைட் பளபளக்கும், அதன்மேல் சாங்குவின் வழுக்கும். சாங்குவினால் மெல்ல அமைப்பைப் போடுங்கள். பிறகு 2 செ.மீ. துண்டாக ஒடித்து, படுக்கவைத்து, முகத்தின் தளங்களை ஒவ்வொன்றாகத் தேயுங்கள். நிழல் பக்கத்துக்கு அடர்பழுப்புக் குச்சி. மினுங்கும் இடங்களில் எதையும் தடவாதீர்கள், தாளே அங்கே தோலாக நிற்கட்டும். எலும்பு மேல் வரும் மினுமினுப்புக்கு விளிம்பு கூர்மை, சதை மேல் வருவதற்கு விளிம்பு மங்கல். நெற்றிக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் அங்கேதான்.

கறுப்பு கடைசியில்தான். நாசித் துவாரம், உதடுகள் சேரும் கோடு, மேலிமைக் கோடு, கண்மணி, காதுக் குழி, முடியின் அடி நிழல், அவ்வளவுதான் அதற்கு வேலை. வெள்ளை அதற்கும் பிறகு, ஐந்தாறு இடங்களில் மட்டும். கரி மேல் வெள்ளையைத் தேய்த்தால் நீலம் பாய்ந்த செத்த சாம்பல் நிறம் வரும், உங்கள் முதல் படத்தின் கன்னத்தில் வந்திருப்பது போல. ஃபிக்சட்டிவை, அதாவது பொடி உதிராமல் பிடித்து நிறுத்தும் ஸ்ப்ரேயை, வெள்ளை வைக்குமுன் 30 செ.மீ. தள்ளி நின்று இரண்டு முறை லேசாக அடியுங்கள். வெள்ளை வைத்த பிறகு அடித்தால் பாதி வெள்ளை காணாமல் போகும்.

கண் விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். கண்ணின் வெள்ளையைத் தாள் பளிச்சிட விட்டிருக்கிறீர்கள். அது இமையின் நிழலுக்குள் இருக்கும் உருண்டை. பெரும்பாலும் நெற்றி மினுமினுப்பைவிட இருண்டுதான் இருக்கும். கண்ணையும் பல்லையும் வெளுக்கவைத்து முகத்தைக் கறுக்கவைப்பது ஆப்பிரிக்க மக்களைக் கேலிசெய்து வரைந்த பழைய விளம்பரங்களின் வழக்கம். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனால் கை அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றியிருக்கிறது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், எது வெளிச்சம், எது இருட்டு என்று தெரிந்துவிடும்.

முதல் படத்தில் இருப்பவர் வடகிழக்குக் காங்கோவின் மங்பேத்து இனப் பெண். அவர்கள் குழந்தையின் தலையைக் கயிறு சுற்றிக் கட்டி நீளவைத்தார்கள். அந்த மண்டையோடு பின்னோக்கிச் சரிந்து போகும். நீங்கள் நேர்மேலே ஏற்றிவிட்டதால் தொப்பி வைத்தது போல் இருக்கிறது. நெற்றியிலிருந்து உச்சிக்கு ஒரே சாய்வாகக் கோடு போட்டுவிட்டு, அதன்மேல் கூந்தலைத் தனியாக விரியுங்கள்.

கறுப்புத் தாளை எடுத்து வைத்துவிடுங்கள். அதில் மினுமினுப்பு மட்டும்தான் தெரியும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைப்பட்ட நடு டோன் முழுக்கத் தாளில் மூழ்கிவிடும். ஆனால் அந்த இரண்டாம் படத்திலும் கீழுதட்டின் இடது ஓரத்தில் வெள்ளைப் பென்சிலை அழுத்தாமல் நிறுத்தியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த அரை அங்குலத்தில் ஒரு உயிருள்ள மனிதர் இருக்கிறார்.

மங்பேத்துப் பெண்ணையே மறுபடி வரையுங்கள். முதல் நாற்பது நிமிடம் சாங்குவின் மட்டும், கரிக்குச்சி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். கறுப்பு வைக்குமுன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பிறகு வைத்ததும் இன்னொன்று.