நகை வைத்து அந்தமான் போகலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கைக்கு 48,000 ரூபாய் வருகிறது. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சம்பளம் 19,000. வாடகை, ஃபீஸ், வீட்டுச் செலவு, மாதம் 5,000 ரூபாய் ஏலச்சீட்டு எல்லாம் போக 8,000 மிஞ்சும். மகள் ப்ளஸ் ஒன் முடிக்கப்போகிறாள், மகன் ஒன்பதாவது. மகள் ப்ளஸ் டூ போய்விட்டால் அப்புறம் முடியாது என்று மே 20-ஆம் தேதி கிளம்பி ஒரு வாரம் அந்தமான் போகத் திட்டம். ஏஜென்ட் நான்கு பேருக்கு 1,64,000 சொல்கிறார், வட்டியில்லா இ.எம்.ஐ.-யிலும் கட்டலாமாம். மாலில் ஒரு ஹாலிடே கிளப்காரர்களும் கூப்பிட்டுப் பேசினார்கள், நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. துணிமணி, கைச்செலவு சேர்த்தால் 2 லட்சம். கையில் 60,000 இருக்கிறது. என் நகையில் 8 பவுன் (நாலு வளையல், ரெண்டு செயின்) ஏற்கெனவே ஒரு ஃபைனான்ஸில் 2,40,000-க்கு இருக்கிறது. வருஷா வருஷம் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துவிடுவதால் அதில் பிரச்சினை இல்லை. வீட்டில் உள்ள ஆரத்தையும் சேர்த்து வைத்தால் இன்னும் 1,70,000 கிடைக்கும், இந்த வருஷ வட்டியையும் அதிலேயே கழித்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். "நகை எதுக்கு இருக்கு, இதுக்குத்தானே" என்கிறார் மாமியார். எனக்கு மட்டும் ராத்திரியில் தூக்கம் வரவில்லை. போகலாமா, வேண்டாமா?

பதில்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தமான் போக ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. வரவு செலவை எழுதி வையுங்கள், அவசரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள் என்றெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்கப்போவதும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கையே பார்ப்பவர் நீங்கள். ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வட்டியைக் கட்டி மாற்றி வைத்துவிடுவதால் பிரச்சினை இல்லை என்று. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வரிதான். அந்தமான் அதன் மேல் வந்து உட்காரும் இன்னொரு சுமை, அவ்வளவே.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரசீதுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் மகளின் மஞ்சள் நீராட்டுக்காக 1,50,000. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அதாவது வருஷத்துக்கு 12 சதவீதம். முதல் வருஷ முடிவில் 18,000 வட்டி கட்டினீர்கள். மாற்றி வைக்கும்போது கூடுதலாக 30,000 வாங்கினீர்கள், ஆக 1,80,000. இரண்டாம் வருஷ வட்டி 21,600. அந்த முறை ஸ்கூட்டருக்காக 60,000 கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள். வட்டியைக் கழித்துக்கொண்டு அவர்கள் உங்கள் கையில் கொடுத்தது 38,400. அந்தக் கடைசி ரசீதை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். 21,600 வட்டி அன்றைக்கு அசலாகிவிட்டது. அதற்கும் இப்போது வட்டி ஓடுகிறது. இந்த ஏப்ரலில் கட்டவேண்டியது 28,800. மூன்று வருஷத்தில் மொத்தம் 68,400 வட்டி. ஒரு கிராம் தங்கமும் வீட்டுக்குத் திரும்பவில்லை, அசலும் 1,50,000-லிருந்து 2,40,000 ஆகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்பது கவுன்டரில் நின்றவர்களுக்குத் தெரியும். வட்டி கட்டத்தான் போகிறோம். அங்கே இருக்கும் பெண் கால்குலேட்டரைத் தட்டி நம் பக்கம் திருப்பி, "இன்னிக்கு ரேட்டுக்கு உங்களுக்கு இன்னும் இவ்ளோ எலிஜிபிள் மேடம்" என்பார். தங்கம் விலை ஏறியதில் நமக்கு ஏதோ லாபம் வந்ததுபோல இருக்கும். ஏறியது நகையின் மதிப்பு. கையில் வருவது கடன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அது அவருடைய வேலை. வேண்டாம் என்று சொல்லவேண்டியது நம் வேலை.

கணவர் சொல்கிறபடி செய்தால் கடன் 4,10,000. வருஷ வட்டி 49,200, மாதத்துக்கு 4,100. உங்களுக்கு மாதம் மிஞ்சுவதே 8,000. அதில் பாதி வட்டிக்கே போய்விடும். அடுத்த ஜூனில் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். அப்போது முதல் தவணை கட்ட எதை வைப்பீர்கள்? மாமியார் சொல்வது சரிதான், நகை அவசரத்துக்குத்தான். அந்த அவசரம் 15 மாதத்தில் வரப்போகிறது என்று தேதியோடு தெரிகிறது. அதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள், நிச்சயம் புரிந்துகொள்வார். விலை இறங்கினால் கூடுதல் பணம் கேட்டுக் கடிதம் வரும், கட்ட முடியாவிட்டால் நகை மூழ்கும் என்பதை நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

இன்னொரு விஷயம். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அமல். வருஷ முடிவில் மொத்தமாகத் திருப்பும் கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டி முடித்த பிறகுதான் புதுப்பிக்கலாம் என்கிறது அந்த விதி. வட்டியைப் புதுக் கடனில் கழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதே விதியில், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் இருக்கிறது. முன்பு இது 75. நிறைய பேர் இதை நல்ல செய்தியாகச் சொல்கிறார்கள். மருத்துவச் செலவுக்கு ஓடுகிறவருக்கு நல்ல செய்திதான். வருஷா வருஷம் மாற்றி வைக்கிறவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்தப் பத்து சதவீதம் கூடுதல் ஆபத்து.

சரி, பயணத்துக்கு வருவோம். நீங்கள் குறித்திருக்கும் தேதியே சரியில்லை. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்னால் அந்தமானைத் தொடும், அதுவும் வழக்கமாக மே மூன்றாவது வாரத்தில். கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு போகும் ஃபெர்ரிகளை நிறுத்திவிடுவார்கள். கூடுதலாக ஒரு ராத்திரி அறை வாடகை, மாற்று விமான டிக்கெட் எல்லாம் உங்கள் தலையில் விழும். மே கடைசி பேக்கேஜ் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகள் ப்ளஸ் டூ போய்விட்டால் அப்புறம் முடியாது என்று பயப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுத்தேர்வு வழக்கமாக மார்ச்சில் முடிந்துவிடும். கல்லூரி விண்ணப்ப வேலைகள் சூடு பிடிப்பது மே மாதத்தில். நடுவில் ஏப்ரல் இருக்கிறது. மகனும் அப்போது பத்தாவது, அவன் தேர்வு முடியும் தேதியையும் பார்த்து நாள் குறியுங்கள். வெயில் இருந்தாலும் கடல் அமைதியாக இருக்கும் மாதம். நீட் எழுதுவதாக இருந்தால் மட்டும் மே தொடக்கம் வரை படிப்பு ஓடும், அதை மகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தேர்வு முடிந்த கையோடு போகிற பயணம் அவளுக்கும் நிம்மதியாக இருக்கும்.

அதற்குள் பணம் சேருமா? சேரும். கையிலிருக்கும் 60,000-ஐ எடுத்துக்கொண்டு ஏப்ரலில் ஃபைனான்ஸுக்குப் போங்கள். 28,800 வட்டி. மீதி 31,200-ஐ அசலில் கட்டுங்கள். கடன் சுமார் 2,09,000 ஆகும். அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள்: வளையலுக்கு ஒரு கடன், செயின்களுக்கு ஒரு கடன் என்று இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். வளையல் மேல் 1,24,000, செயின் மேல் 85,000 என்று வைத்துக்கொள்வோம். எல்லா நகையும் ஒரே கடனில் இருந்தால், முழுப் பணமும் கட்டும்வரை ஒன்றும் கைக்கு வராது என்பதுதான் பலரை மாற்றி வைக்கவே பழக்குகிறது. பிரித்துவிட்டால் ஒன்றை மட்டும் திருப்ப முடியும்.

உங்கள் ஏலச்சீட்டு நவம்பரில் முடிகிறது. கணவர் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து இப்போதே ஏலத்தில் எடுத்துவிடலாம் என்கிறாராம். வேண்டாம், கடைசி வரை விடுங்கள். ஒரு லட்சம் சீட்டில் கமிஷன் போக 95,000 கைக்கு வரும். அதில் செயின் கடன் 85,000, ஏழு மாத வட்டி சுமார் 6,000 கட்டி ரெண்டு செயினையும் திருப்பிவிடலாம். டிசம்பரிலிருந்து மாதம் 5,000 சீட்டுப் பணமும் மிச்சம்.

இனி பயணக் கணக்கு. மாதம் 8,000 வீதம் 12 மாதம், 96,000. கணவரின் தீபாவளி போனஸ் 30,000. சீட்டு முடிந்த பிறகு நான்கு மாதம் 20,000. மொத்தம் 1,46,000. அடுத்த ஏப்ரலில் வளையல் கடனுக்கான வட்டி சுமார் 15,000 ஒதுக்குங்கள். இந்த மே மாதம் பிள்ளைகளை வீட்டிலேயே உட்கார வைக்க வேண்டாம். 12,000-க்குள் ரயிலில் ராமேஸ்வரம் போய்விட்டு வாருங்கள். அதுவும் தீவுதான், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் மேல் போகலாம். இதெல்லாம் போக 1,19,000 இருக்கும். கடனை முழுசாக முடித்த பிறகுதான் ஊர் சுற்ற வேண்டும் என்று சொல்கிறவன் நான் இல்லை. மகளுக்கு இந்த வயது ஒருமுறைதான். ஆனால் புதுக் கடன் கூடாது.

அந்தமானை 1,19,000-க்குள் அடங்கும்படி திட்டமிடுங்கள்: ஒரு ராத்திரியைக் குறையுங்கள், விமான டிக்கெட்டை நீங்களே முன்கூட்டி எடுங்கள். ஏஜென்ட்டிடம் பிள்ளைகளின் வயதைத் தெளிவாகச் சொன்னீர்களா? "ரெண்டு பெரியவர், ரெண்டு குழந்தை" என்று விளம்பரத்தில் போடுகிற விலை பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கானது. விமானத்தில் 12 வயது தாண்டினால் பெரியவர் கணக்கு, பல ஹோட்டல்களிலும் அப்படித்தான். 16 வயதுப் பெண்ணும் 14 வயதுப் பையனும் அப்பா அம்மாவோடு ஒரே அறையில் ஐந்து ராத்திரி நெருக்கிப் படுக்க முடியாது. இரண்டு அறைக்கு விலை கேளுங்கள். ஃபெர்ரி கட்டணம் சேர்த்தியா, ஸ்கூபா, பாராசெயிலிங் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். வளர்ந்த பிள்ளைகள் கடற்கரையில் இறங்கியதும் எல்லாம் கேட்பார்கள். ஆளுக்கு ஒன்று என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் நாள் முழுக்கக் கிடக்கக் காசு வேண்டாம். செல்லுலார் சிறையை அவசியம் காட்டுங்கள். பாராடாங் தீவுப் பயணத்தை விட்டுவிடலாம்: விடியும் முன்பே எழுந்து, ஜாரவா பழங்குடியினரின் காப்பு வனம் வழியாக, வண்டிகள் வரிசைகட்டி ஒன்றாகப் போகிற பயணம் அது. செலவும் மிச்சம், அந்த மக்களுக்கும் நிம்மதி.

கடைசி ராத்திரியை ஹேவ்லாக்கில் வைக்காதீர்கள், போர்ட் பிளேரில் தங்குங்கள்; காலை ஃபெர்ரி ரத்தானால் விமானம் போய்விடும். டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் தீவு என்று இருந்தால் குழம்ப வேண்டாம், முன்னது போர்ட் பிளேரின் புதிய பெயர், பின்னது ஹேவ்லாக்கின் புதிய பெயர்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கப்பல் யோசனை உங்களுக்கு வந்திருக்கும். சென்னையிலிருந்து கப்பல் போகிறது, கட்டணமும் குறைவு. ஆனால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட மூன்று நாள், தேதியும் மாறும். ஒரு வார லீவில் போக வர கப்பல் என்றால் பார்க்க நேரமே இருக்காது.

ஏஜென்ட் சொல்லும் "வட்டியில்லா இ.எம்.ஐ."-யைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மொத்தப் பணத்தையும் இன்றைக்கே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்? அவர் குறைக்கும் தொகையும் பிராசசிங் கட்டணமும் சேர்ந்ததுதான் வட்டி. மாலில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்களே, அந்த 25 வருஷ ஹாலிடே கிளப் உறுப்பினர் திட்டம், அதில் கையெழுத்துப் போடாமல் வந்ததற்குப் பாராட்டு. திரும்ப அழைத்தால் எடுக்காதீர்கள். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டு, நமக்கு லீவு கிடைக்கும் மே மாதத்தில் அறை இல்லை என்று கேட்கிற நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

மகளிடமும் மகனிடமும் இந்தக் கணக்கை மறைக்காதீர்கள். ரசீதுகளையே காட்டுங்கள். ஒரு வருஷம் தள்ளிப்போகிறது என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தேதி உறுதி என்று தெரிந்தால் சமாதானம் ஆகிவிடுவார்கள். விமான டிக்கெட் விலையை டிசம்பரிலிருந்து பார்த்துக்கொண்டு வரும் வேலையை மகனிடம் கொடுங்கள்; ஜனவரியில் கையில் இருக்கும் பணத்தில் நான்கு டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். பயணப் பணத்துக்கு உங்கள் பெயரில் தனியாக ஒரு ஆர்.டி. போடுங்கள், சம்பளம் வருகிற மறுநாளே 8,000 அதில் போகட்டும். வீட்டில் இருக்கும் ஆரத்தை ஏப்ரலில் ஃபைனான்ஸுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகாதீர்கள்.