48 மெகாபிக்சல் போன் ராத்திரியில் 12 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. இது ஏமாற்று வேலையா?

ஏமாற்று இல்லை. நானும் அப்படி நினைத்து ஒருமுறை பட்டவன்தான்.

போன வருஷம் திருவாரூர்த் தெப்பத்துக்குப் போயிருந்தோம். கமலாலயம் மேல்கரைப் படியில் உட்கார்ந்து, செட்டிங்ஸில் தேடிப்பிடித்து 48-ஐப் போட்டு எடுத்தேன். தெப்பத்து சீரியல் விளக்கு பளிச்சென்று விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மா முகத்திலோ ரவையைத் தூவின மாதிரி புள்ளி. குளத்துத் தண்ணீரில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டு. தங்கச்சி மகன் அதே மாடல் போனில் ஒன்றையும் தொடாமல் 12-லேயே எடுத்தான். அம்மாவின் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிந்தது.

நெல் அளந்த வீட்டுக்காரர்களுக்குக் காரணம் சட்டென்று பிடிபடும். நாலு உழக்கு ஒரு படி. களத்தில் நெல் மலையாகக் கிடந்தால் எதால் அளந்தாலும் ஒன்றுதான். கிடப்பதே கையளவு என்றால், உழக்கைத் தலைதட்டும்போது சிந்துகிற நாலு மணி கணக்கையே கெடுத்துவிடும்.

2018-ல் சோனி அறிவித்த 48 மெகாபிக்சல் ஐஎம்எக்ஸ் 586 சென்சாரையே (போன் கேமராவில் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிச்சத்தை அளக்கும் உழக்குதான் பிக்சல்; ஒன்றின் அகலம் 0.8 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இருட்டில் அதற்குள் விழும் வெளிச்சம் சொற்பம், இரைச்சல் (அம்மா முகத்தில் விழுந்த அந்தப் புள்ளி) அதை எளிதாக அமுக்கிவிடும். அதனால் பக்கத்துப் பக்கத்து நாலு பிக்சலைச் சேர்த்து 1.6 மைக்ரான் பிக்சல் ஒன்றாக நடத்துகிறார்கள். வெளிச்சம் நாலு மடங்கு சேருகிறது. இரைச்சல் ஒன்றில் கூடியும் இன்னொன்றில் குறைந்தும் இருப்பதால் சுமார் இரண்டு மடங்குதான் ஏறுகிறது. போதாததற்கு அந்த நாலின் தலையிலும் இருப்பது ஒரே நிற ஃபில்டர். 48-ல் எடுத்தால் நிறங்களைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். அதில் ஊக வேலை அதிகம்.

“48-ல் எடுத்துவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாமே?” சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக இருந்தால் ஓரளவு சரி. வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் போன் முன்னாடியே புள்ளிகளைப் பூசி மெழுகியிருக்கும். அதோடு அழிந்துபோன புருவம் சுருக்கினால் திரும்பி வராது.

12 என்றால் 4000-க்கு 3000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) வீதம் 13-க்கு 10 அங்குலம் பிரிண்ட் போடலாம். வீட்டுச் சுவருக்கு இதற்கு மேல் எதற்கு? வாட்ஸப்பில் அனுப்பினால் அதுவும் சுருங்கித்தான் போகப்போகிறது. 36 மெகாபிக்சல் ஏ7ஆர் கேமரா வந்த மறு வருஷமே, 2014-ல், சோனி வெறும் 12 மெகாபிக்சலில் ஏ7எஸ் கொண்டுவந்தது; இருட்டில் வீடியோ எடுப்பவர்கள் அதைத்தான் தேடிப்போனார்கள்.

நைட் மோட் வேறு சமாசாரம். அது பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது. அசையாத கோபுரத்துக்கு, போனை மதில்மேல் வைத்து எடுத்தால் அருமை. சாமி புறப்பாட்டில் தீவட்டிக்காரருக்கு மூன்று கை முளைத்துவிடும். அங்கே சாதா 12 போதும்.

பகலில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை எடுக்கும்போது தாராளமாக 48-ஐப் போடுங்கள். வெயில்தான் கொட்டிக் கிடக்கிறதே.