வாசகர் கேள்வி - பதில்: மாடு பிடிக்கப் போகிறவனுக்குக் கவசம் உண்டா?

தை நெருங்குகிறது இல்லையா, வந்த கடிதங்களில் பாதி அடிபடுவதைப் பற்றித்தான். பொங்கல் சமையல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் வருஷா வருஷம் சிராவயல் மஞ்சுவிரட்டில் இறங்குகிறான். சொன்னால் கேட்பதில்லை. உடம்புக்கு ஏதாவது கவசம் மாட்டிவிடலாமா என்றால் ‘ஊரே சிரிக்கும்’ என்கிறான்.
- வாசகி, திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

பதில்: சிரிக்கட்டும் அம்மா. அமெரிக்காவில் காளை முதுகில் ஏறி எட்டு விநாடி தாக்குப்பிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் உலக சாம்பியனாக இருந்த லேன் ஃப்ராஸ்ட், 1989-இல் ஷையென் என்ற ஊரில் எட்டு விநாடியை முடித்துக் கீழே இறங்கிய பிறகு, காளை பின்னாலிருந்து கொம்பால் முட்டியது. தோல்கூடக் கிழியவில்லை. விலா எலும்பு ஒடிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் போய் இறந்துவிட்டார், வயது 25. அவருடைய கூட்டாளி கோடி லாம்பர்ட், அவரும் காளை ஏறுகிறவர், குதிரைப் பந்தய ஜாக்கிகள் போடுவதைப் பார்த்து அதே மாதிரி ஒரு மார்புக் கவசம் செய்தார். இன்றைக்கு அந்த நாட்டுத் தொழில்முறைப் போட்டியில் அது இல்லாமல் களத்தில் இறங்கவே விடமாட்டார்கள். நம் பையன்களுக்கு பனியனும் அரைக்கால் சட்டையும்தான். இதில் வீரம் எங்கே குறைந்துவிடப் போகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவசம் குளம்பு மிதியையும் முட்டுகிற வேகத்தையும் பரப்பி வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சீவிவிட்ட கொம்பு நுனி நேராக இறங்கினால் நிற்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அதோடு தொடையையும் அடிவயிற்றையும் அது மூடாது, கொம்பு தேடிவருகிற இடமோ அதுதான். தொடையின் உள்பக்கம் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். ஸ்பெயினில் பாகிரி என்ற புகழ்பெற்ற மாடு பொருதுகிறவர் 1984-இல் போசோபிளாங்கோ என்ற சின்ன ஊரில் தொடையில் குத்துப்பட்டார். அந்த ஊரில் பெரிய சிகிச்சைக்கு வசதி இல்லை, கோர்தோபா நகரத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் பிரிந்தது. படிக்கும்போது நம் ஊரிலிருந்து மதுரைக்குப் பறக்கிற ஆம்புலன்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

அதனால் மகனை மட்டுமல்ல, கூடப் போகிற அவன் சேக்காளிகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். தொடையில் குத்து என்றால் இடுப்புத் துண்டை மடித்துக் காயத்துக்குள் திணித்து, முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. அப்படியும் பீய்ச்சினால் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளவே கூடாது, சுத்தமான ஈரத்துணி போட்டு மூடினால் போதும். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள், மயக்கமருந்து கொடுக்க நேரும். தையல் போட்டுவிட்டார்களே என்று டெட்டனஸ் ஊசியை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம், இது வேடிக்கை பார்க்கப் போகிற உங்களுக்கும்தான். அலங்காநல்லூர் மாதிரி ஒரே வாசல் வழியாக மட்டும் மாடு வருகிற இடமில்லை சிராவயல். தொழுவில் அவிழ்க்கிற மாடு ஒரு பக்கம் என்றால், பொட்டலில் கண்ட இடத்தில் அவிழ்த்துவிடுகிற கட்டுமாடு இன்னொரு பக்கம். மாடு பிடிக்கவே வராதவர்கள் குத்துப்பட்டுச் சாவது இதனால்தான். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பொட்டலுக்குள் நடக்காதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: என் தம்பி பைக்கில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தும் மூளையில் ரத்தக்கசிவு. பிறகு ஹெல்மெட் எதற்கு?
- வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி தேறிவர வேண்டும். கோபம் நியாயம்தான், ஆனால் ஹெல்மெட் மேல் காட்டாதீர்கள். ஷூமாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கார் பந்தயத்தில் ஏழு முறை உலக சாம்பியன், 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல் பனிமலையில் சறுக்கும்போது பாறையில் தலை மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தார். அப்படியும் மூளையில் பலத்த அடி. ஹெல்மெட் இல்லாதிருந்தால் ஆஸ்பத்திரி வரைகூட வந்திருக்க மாட்டார் என்றுதான் அவரைப் பார்த்த டாக்டர்கள் சொன்னார்கள்.

ஹெல்மெட்டின் வெளி ஓடு கூர்மையானதை உள்ளே விடாது, உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கி வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். மண்டை ஓடு பிளக்காமல் காப்பதில் அது கெட்டி. ஆனால் மண்டை ஓடு நின்ற பிறகும் உள்ளே மூளை நிற்காது, கட்டித்தயிர்ச் சட்டியைச் சட்டென்று திருப்பினால் தயிர் உள்ளே சுழல்கிற மாதிரி அது சுழன்று நரம்பிழைகள் இழுபடும். அதை முழுசாகத் தடுக்கிற ஹெல்மெட் இன்னும் வரவில்லை. வீலிங் விடுகிற பையன்கள் பின்பக்கமாக விழுவார்கள், பின்மண்டைதான் முதலில் தரையில் படும். திருச்சி - ராமேஸ்வரம் சாலையில் லாரிக்கு நடுவே அதைச் செய்கிறவனுக்கு எந்தக் கடையில் என்ன வாங்கிக் கொடுத்தாலும் போதாது.

கேள்வி: தலையில் அடிபட்டவன் எழுந்து நன்றாகப் பேசுகிறான், நடக்கிறான். அப்படியும் ஆஸ்பத்திரி அவசியமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அவசியம். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில், புதிதாகப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்கிறவர்களுக்கான சரிவில்தான் விழுந்தார், ஹெல்மெட் இல்லை. எழுந்து சிரித்துப் பேசினார், வந்த ஆம்புலன்ஸையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் தலைவலி ஆரம்பித்தது, இரண்டு நாள் கழித்து இறந்துபோனார். மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் மெதுவாகச் சேரும்போது நடுவில் இப்படி ஒரு தெளிவான நேரம் வரும், நாம் அதில்தான் ஏமாறுகிறோம். வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, சொன்னதையே திரும்பச் சொல்வது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, நேரம்கெட்ட நேரத்தில் தூக்கம் இதில் ஒன்று தெரிந்தாலும் 108. ‘படுத்து எழுந்தால் சரியாகிவிடும்’ என்று போர்வை போர்த்திவிடாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த பேரன் ஸ்கேட்போர்டை வளவுக்குள் ஓட்டுகிறான். என்ன மாட்டிவிட வேண்டும்?
- ஆச்சி ஒருவர், தேவகோட்டை

பதில்: ஆத்தங்குடிக் கல்லில் ஓட்டினால் முதல் சேதம் கல்லுக்குத்தான் ஆச்சி! பளபளவென்று தேய்ந்த தரை வேறு, சக்கரம் வழுக்கித் தூணில் போய் மோதும். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம், ஏனென்றால் விழுகிறவன் கையைத்தான் முதலில் ஊன்றுவான். விழுந்தபின் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற குழியில் அமுக்கினால் வலிக்கிறதென்றால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கிற சின்ன எலும்பின் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்வார்கள்.

கேள்வி: நல்ல கம்பெனி ஹெல்மெட், ஒரே ஒருமுறை விழுந்தது, பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், புதுவயல்

பதில்: காரைக்குடியில் பழம்பொருள் விற்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய் நூறு வருஷத்துப் பீங்கான் சட்டி வாங்குங்கள், ஹெல்மெட்டைப் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், வெளியே கீறல்கூடத் தெரியாது. புதிதிலும் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், அது இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை விற்பதற்கே 2021 ஜூன் முதல் தடை இருக்கிறது. கடையிலேயே வாரைப் பூட்டி, பின்பக்கம் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று கையோடு வந்தால் அடுத்த சின்ன சைஸ் கேளுங்கள்.