அரைக் கிலோ காபித்தூளுக்கு மூன்று கிலோ கூரியர் கட்டணம்

பெட்டியை மாற்றுங்கள், விலையை ஏற்ற வேண்டாம். அரைக் கிலோ ஏற்காடு காபித்தூளை அனுப்பக் கூரியரில் மூன்று கிலோவுக்கான காசு கேட்கிறார்கள், விலையை ஏற்றலாமா என்கிறீர்கள். முப்பதாயிரம் ரூபாய் முதல் போட்ட தொழிலில் இது பெரிய ஓட்டை. பார்சல் அடைக்கும் இடத்தையும் கூரியரில் எடையாகக் கணக்குப் போடுவார்கள். காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

டேப் எடுத்து நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பாருங்கள். 30×25×20 பெட்டி என்றால் சரியாக 3 கிலோ. அதே தூள் 25×18×8 பார்சலில் முக்கால் கிலோவைத் தாண்டாது. அந்த 5000 கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மிச்சமாகும் காசில், உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு வைத்த பை வாங்குங்கள். புதிதாக வறுத்த காபி கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரணப் பையில் இறுக ஒட்டினால், சேலத்தில் தட்டையாகக் கிளம்பியது வாங்கியவர் கையில் பலூன் மாதிரி உப்பி நிற்கும்.