ஒட்டிக்கொண்ட படங்கள்

கேள்வி: எங்கள் கடையின் இணையதளத்தில் பொருட்களின் படங்களை ஃப்ளெக்ஸ் வரிசையில் (பெட்டிகளை அடுத்தடுத்து அடுக்கும் முறை) அடுக்கி, நடுவே இடைவெளி விடும் கேப் 16 பிக்சல் கொடுத்திருக்கிறேன். ஐபோன் 6-இல் மட்டும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. குரோமில் திறந்தாலும் அதே கதை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், உலாவிக்கு ஒரு வசதி தெரியுமா என்று சோதிக்கும் சப்போர்ட்ஸ் விதி எழுதியும் பலனில்லை. ஏன்?

பதில்: அந்தப் போன் ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. அதில் குரோமுக்குள் ஓடுவதும் பக்கத்தை வரையும் சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான். பெயர்ப்பலகை மட்டும் வேறு. சஃபாரியில் ஃப்ளெக்ஸுக்குள் கேப் வேலை செய்யத் தொடங்கியது 2021-இல், ஐஓஎஸ் 14.5 வந்தபோது. ஆனால் கிரிட்டில் (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) அதே கேப் ஐஓஎஸ் 12-லேயே உண்டு. வினையே அதுதான். சப்போர்ட்ஸ் விதி ‘கேப் தெரியுமா?’ என்று மட்டும் கேட்கும். எதற்குள் என்று கேட்காது. பழைய சஃபாரியும் தலையாட்டிவிடும். ‘டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ்’ஸை ‘அண்ட்’ போட்டுச் சேர்த்தாலும் இரண்டுக்கும் தனித்தனியாக ஆமாம் போடும்.

படங்கள் ஒரே அகலம் என்றால் கிரிட்டுக்கே மாறிவிடுங்கள்: ஆட்டோ ஃபில் (இடத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் நிரல்கள்), மின்மேக்ஸில் குறைந்தது 130 பிக்சல், அதிகபட்சம் 1 எஃப்ஆர் (மீதி இடத்தில் ஒரு பங்கு). கேப் அப்படியே இருக்கட்டும்.

அகலம் ஆளுக்கொன்றாக இருந்தால் ஃப்ளெக்ஸ்தான் சரி. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் 8 பிக்சல் மார்ஜின் (வெளிப்புற இடைவெளி), வெளிப்பெட்டிக்கு மைனஸ் 8 மார்ஜின். கேப் வரியை மறக்காமல் அழியுங்கள்; இல்லையேல் புதிய போன்களில் இடைவெளி 32 ஆகிவிடும். வெளிப்பெட்டி திரையோரத்தைத் தொட்டால் பக்கவாட்டு ஸ்க்ரோல் முளைக்கும். அதற்கு வெளியே இன்னொரு பெட்டி வைத்து 8 பிக்சல் பேடிங் (உட்புற இடைவெளி) கொடுங்கள். இதற்குப் போய் ஜாவாஸ்கிரிப்ட் பாலிஃபில் (இல்லாத வசதியை ஈடுகட்டும் நிரல்) ஏற்றாதீர்கள். பழைய போனுக்கு அதுவே பாரம்.